ஏழு ஒன்றான கதை

சிலருக்கு ஏழரைச் சனி பிடிக்கும். எனக்குப் பிடித்தது வெறும் ஏழு. அரை கூடக் கிடையாது!

அந்த ஏழு ஒரு ஜெராக்ஸ் தாளில் இருந்தது. தலையில் இருக்க வேண்டிய கோட்டைத் தொலைத்துவிட்டு, பார்ப்பதற்கு அப்பாவியாக ஒன்று மாதிரி நின்றுகொண்டிருந்தது. நானும் ஒன்றுதான் என்று நம்பினேன். அதனால் ஒரு பெரியவருக்கு வரவேண்டிய மூவாயிரத்து நானூறு ரூபாய் நின்றுபோனது. என் வேலையும் போயிருக்கும்... ஒரு லைப்ரரியன் அம்மா மட்டும் இல்லாவிட்டால்.

1992. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் விசிறி செய்கிற ஒரு கம்பெனி. விசிறி என்றதும் உங்கள் வீட்டு உத்தரத்தில் கடகடவென்று சுற்றுகிற சமாசாரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது அஞ்சடி விட்டம். பஞ்சாலைகளில் நூல் அறாமல் இருக்க உள்ளே ஈரக்காற்று வேண்டும். அந்தக் காற்றைத் தள்ளுகிற ராட்சச ஜாதி. அலுமினியத்தில் வார்த்த இறக்கைகள், ஒரு விசிறிக்கு ஆறு.

நான் அங்கே டிசைன் டிபார்ட்மெண்ட். டிபார்ட்மெண்ட் என்றால் நான், ஒரு டிராயிங் போர்டு, ஒரு கால் ஆடுகிற ஸ்டூல். அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம். ஆறு மாசம் புரொபேஷன். கன்ஃபர்ம் ஆகிவிட்டால் சம்பளம் எழுநூறு ரூபாய் ஏறும். அந்த எழுநூறை நம்பி அம்மா ஏற்கனவே ஒரு சீட்டில் சேர்ந்துவிட்டாள் என்பது உபரித் தகவல்.

கோவைப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து நாலு விசிறிக்கு ஆர்டர் வந்தது. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "இறக்கைக்கு நல்ல ஷேப்பா ஒண்ணு போடு" என்றார். என்னிடம் இருந்தது காலேஜ் சிநேகிதன் கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸ். அதில் என்.ஏ.சி.ஏ. 4412 என்று ஒரு வடிவம். இறக்கையின் அகலத்தை நூறு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் மேல்பக்கம் எவ்வளவு உயரம், கீழ்ப்பக்கம் எவ்வளவு பள்ளம் என்று பொடிப்பொடியாக ஒரு பட்டியல். மேல்பக்கம் 25-வது பாகத்தில் 9.41, 30-வதில் 9.16, 40-வதில் 9.80.

மறுபடி அந்த மூன்று எண்களையும் படித்துப் பாருங்கள். ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. உங்களுக்கு உடனே சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. நான் பி.ஈ. முதல் வகுப்பு!

இறக்கையின் அகலம் 200 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கி, டிராயிங் போட்டு, அழகாக என் இனிஷியலும் போட்டு, பேட்டர்ன் மேஸ்திரியிடம் கொடுத்தேன்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்குகிற வயசு. காதில் பென்சில். எஸ்டேட்டில் நாலைந்து கம்பெனிகளுக்குப் பீஸ் கணக்கில் மரத்தில் பேட்டர்ன் செய்து தருவார். வார்ப்படம் போட வேண்டிய சாமான் எதுவானாலும் முதலில் மரத்தில் ஒன்று செய்ய வேண்டும். அதை மண்ணில் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில்தான் உலோகத்தை ஊற்றுவார்கள். மரத்தில் பிழை வந்தால் இருபத்து நாலு இறக்கையிலும் வரும். அவரிடம் தனியாக ஒரு ஸ்கேல் உண்டு. அதில் ஒரு மில்லிமீட்டர் நம்முடைய மில்லிமீட்டரைவிடத் துளி பெரிசு. அலுமினியம் ஆறும்போது சுருங்கும், அந்தச் சுருக்கத்துக்காக முன்கூட்டியே பெரிசாகச் செய்வதற்கான ஸ்கேல். "உங்க ஸ்கேலு பொய் சொல்லாது தம்பி. என் ஸ்கேலு சொல்ற பொய்யாலதான் சாமான் நெசமா வரும்" என்பார்.

நாலு நாளில் தேக்கில் முதல் பேட்டர்னைச் செதுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, இங்க கையை வச்சுப் பாருங்க."

வைத்தேன்.

"ஒரு பள்ளம் விழுதே, தெரியுதா? மீன் முதுகு மாதிரி வழவழன்னு போவ வேண்டியது நடுவுல ஒரு காசு கனத்துக்கு எறங்கி ஏறுது. டிராயிங்கு அப்படித்தான் சொல்லுது. சரிதானா?"

இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நான் சொன்னது இதுதான்: "மேஸ்திரி, இது அமெரிக்காவுல டன்னல்ல வச்சு டெஸ்ட் பண்ணின நம்பர். நாம தடவிப் பார்த்துத் திருத்தறதுக்கு இது கேரம் போர்டு இல்லை. டிராயிங்குல என்ன இருக்கோ அதைச் செய்யுங்க."

அவர் ஒன்றும் பேசவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்து, டிராயிங்கில் அந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

* * *

விசிறிகள் போய் இரண்டே வாரத்தில் மில்லிலிருந்து தந்தி! காற்று ஒப்பந்தத்தில் சொன்ன அளவு வரவில்லை, சத்தம் தாங்கவில்லை, பணம் தரமாட்டோம், சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

மானேஜர் அறையில் பஞ்சாயத்து கூடியது. மேஸ்திரி டிராயிங்கைப் பிரித்து, தான் போட்ட வட்டத்தைக் காட்டினார். மானேஜர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"டிராயிங்ல பள்ளம் இருந்தா அது வேணும்னே வச்ச பள்ளம்யா. அமெரிக்காக்காரன் முட்டாளா? காத்து வரலேன்னா கோணத்துல எங்கயோ நீ கோட்டை விட்டிருக்கே. உன் கோணல் ஸ்கேலை நான் என்னிக்குமே நம்பினதில்லே."

பில் நிறுத்தப்பட்டது. மூவாயிரத்து நானூறு. இந்த விஷயம் எஸ்டேட் முழுக்கப் பரவினால் மற்ற கம்பெனிகளும் அவரைக் கூப்பிட யோசிக்கும். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயில் கொழுக்கட்டை. எழுநூறு ரூபாய்க் கொழுக்கட்டை.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் மேஸ்திரி பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை.

"தம்பி, ஒரே ஒரு சந்தேகம். அந்த நம்பரை யார்கிட்டேர்ந்து வாங்கினீங்க?"

"ஃப்ரெண்டு நோட்ஸ்."

"அவருக்கு யார் குடுத்தாங்க?"

"சீனியர் ஒருத்தன்."

"அந்த சீனியருக்கு?"

முழித்தேன்.

"நாலு செண்டு மனை வாங்கறதுன்னாலே மூலப்பத்திரம் பார்க்கறோம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கறோம். நீங்க மூலப்பத்திரமே பார்க்காம வீடு வாங்கிட்டீங்களே தம்பி" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி கிராஃப் தாள் வாங்கி, அந்த எண்களைப் புள்ளி வைத்து இணைத்துப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வளைவு ஜோராக ஏறி வந்து, 30-வது பாகத்தில் தடுக்கி விழுந்து, எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு மேலே போயிற்று. ஸ்கூல் பையன்கூடச் சொல்லிவிடுவான், இது தப்பு என்று. ஜெராக்ஸை பல்புக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். அந்த 'ஒன்று' இருந்த இடத்தில் தாளில் ஒரு மடிப்பு. 9.16-ஆ? 9.76-ஆ? 9.46-ஆ?

மறுநாள் மானேஜரிடம் போய், "சார், நம்பர் தப்பா இருக்கலாம்னு தோணுது" என்றேன்.

"ஆதாரம்?"

"மேஸ்திரி கையால தடவி..."

"கையெல்லாம் ஆதாரமாய்யா? மில்லுக்காரன்கிட்டே என்ன சொல்றது, எங்க மேஸ்திரி தடவினார்னா? அச்சடிச்ச ஆதாரம் கொண்டு வா. ஒரு வாரம் டைம்."

ஜெராக்ஸ் தாளின் அடியில் ஒரு வரி இருந்தது: என்.ஏ.சி.ஏ. ரிப்போர்ட் 460. என் மூலப்பத்திரத்தின் சர்வே நம்பர்!

* * *

முதலில் போன லைப்ரரியின் பெயர் வேண்டாம். கேட்லாக் டிராயர்களில் 'என்' எழுத்தை இழுத்து, விரல் நுனி கறுக்கிறவரை கார்டுகளைப் புரட்டினேன். இல்லை. ஏரோநாட்டிக்ஸ் என்று 'ஏ'யில் தேடினேன். விமானம் கட்டுவதற்கு, ஓட்டுவதற்கு, அதில் பணிப்பெண் ஆவதற்கு எல்லாம் புத்தகம் இருந்தது. 460 இல்லை. கடைசியில் அட்டெண்டரிடம் போய், "நாகா ரிப்போர்ட் எங்கே இருக்கும்?" என்றேன். எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

"நாகாலாந்தா? ஹிஸ்டரி மாடியில சார்."

மாடிக்குப் போனேன் என்பதை இங்கே வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இப்படியே மூன்று அரைநாள் லீவ் போயிற்று. நாலாவது நாள், தெரிந்தவர் ஒருவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு ஒரு பொறியியல் கல்லூரி லைப்ரரிக்குப் போனேன். ஐம்பது வயசு மதிக்கத்தக்க அம்மா. கண்ணாடி, கழுத்தில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேஜை மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"எங்கே தேடினீங்க?" என்றார்.

சொன்னேன்.

"ஜேம்ஸ்பாண்டை 'ஜேம்ஸ்'லயும் தேடலே, 'பாண்ட்'லயும் தேடலே, 'லண்டன்'ல தேடியிருக்கீங்க" என்று சிரித்தார். "இதுக்கு ஆத்தர் யார்னு நினைக்கறீங்க?"

"தெரியலை மேடம்."

"எழுதினது மூணு பேர். ஆனா கார்டு அவங்க பேர்ல இருக்காது. வெளியிட்டது ஒரு அரசாங்கக் கமிட்டி. அப்ப கமிட்டிதான் ஆத்தர். எந்த அரசாங்கம்? யுனைடெட் ஸ்டேட்ஸ். அதனால..." என்று எழுந்து போய் 'யு' எழுத்து டிராயரை இழுத்தார். யுனைடெட் ஸ்டேட்ஸ், அதற்குக் கீழே நேஷனல் அட்வைசரி கமிட்டி ஃபார் ஏரோநாட்டிக்ஸ். அதுதான் என்.ஏ.சி.ஏ! குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர் பெயரில் தேடாமல் கடைசிப் பிள்ளை பெயரில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரி, கார்டு கிடைச்சுது. 460 இல்லையே மேடம்?"

"தனியா இருக்காது. உட்காருங்க" என்று டம்ளரை நகர்த்திவைத்துவிட்டு ஒரு பாடம் நடத்தினார். காலேஜில் நாலு வருஷத்தில் யாரும் நடத்தாத பாடம். நீங்களும் கேட்டுவையுங்கள், என்றைக்காவது உதவும்.

எஞ்சினீயரிங் ரிப்போர்ட் என்பது புத்தகமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. ஒரு சோதனைச்சாலை செய்ததை, செய்த கையோடு எழுதி நம்பர் போட்டு வெளியிடுவது. புத்தகக் கடையில் கிடைக்காது. ஆசிரியர் பெயரோ தலைப்போ இரண்டாம்பட்சம். நம்பர்தான் அதன் பெயர்.

"பஸ்ல போறப்ப 'பெசண்ட் நகர் போற சேப்பு கலர் வண்டி'ன்னா தேடுவீங்க? 29-சின்னுதானே தேடுவீங்க? அதே மாதிரிதான். ஆனா முன்னாடி இருக்கற எழுத்து முக்கியம். என்.ஏ.சி.ஏ.விலயே ரிப்போர்ட் 460 வேற, டெக்னிகல் நோட் 460 வேற. டெக்னிகல் மெமோராண்டம்னா பெரும்பாலும் ஜெர்மன், ஃபிரெஞ்சுலேர்ந்து மொழிபெயர்த்தது. நம்பரை மட்டும் பார்த்து ஏறினா வேற ஊர்லதான் எறங்கணும்."

இன்னும் சொன்னார். 'ஆர் அண்ட் எம்' என்றிருந்தால் பிரிட்டிஷ்காரர்களுடையது. 'பி.பி.' என்றிருந்தால் அதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது: 1945-ல் யுத்தம் முடிகிற சமயத்தில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் 'பப்ளிகேஷன் போர்டு' என்று ஒன்றை அமைத்தார். ஜெர்மனியில் கைப்பற்றிய தொழில்நுட்ப ஆவணங்களையெல்லாம் அது நம்பர் போட்டு வெளியிட்டது. அந்த போர்டின் இனிஷியல்தான் 'பி.பி.' என்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஏ.டி.' என்றால் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ஆராய்ச்சி.

பேச்சோடு பேச்சாக ஒரு பெட்டியைத் திறந்து, போஸ்ட் கார்டு அளவில் ஒரு ஃபிலிம் தகட்டைக் காட்டினார். மைக்ரோஃபிஷ். 105-க்கு 148 மில்லிமீட்டர். அதற்குள் 98 பக்கம்! நாஸா காலத்து ரிப்போர்ட்கள் பலவும் இந்த ரூபத்தில்தான் வந்தன. இருபத்து நாலு மடங்கு சின்னதாக்கிய எழுத்து. மெஷினில் செருகி, விளக்கைப் போட்டால் பக்கம் திரையில் விரியும். அரிசியில் திருக்குறள் எழுதியதாகச் சொல்வார்களே, அந்த மாதிரி.

"இங்கே இல்லேன்னா?" என்று கேட்டேன்.

"டெல்லியில இன்ஸ்டாக்னு ஒண்ணு இருக்கு. எழுதிப் போட்டா காப்பி எடுத்து அனுப்புவாங்க. ஆனா உங்களுக்கு ஒரு வாரம்தானே டைம்? வாங்க, தேடிடலாம்."

அந்த 'வாங்க, தேடிடலாம்' இருக்கிறதே... சீர்காழியில் 1892-ல் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போன எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கு வருகிறவனின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வகுத்தார். அந்த விதி புடவை கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போயிற்று.

கடைசி ராக். கீழ்த்தட்டு. தரையில் உட்கார்ந்துவிட்டார். என்.ஏ.சி.ஏ.வின் ரிப்போர்ட்களை வருஷ வாரியாக ஆண்டறிக்கையோடு சேர்த்துத் தடித்தடியாக பைண்ட் செய்திருப்பார்கள். கமிட்டி ஆரம்பித்தது 1915. 460 வெளியானது 1933. அப்படியானால் 19-வது ஆண்டறிக்கை. உருவி எடுத்தபோது வந்த தூசியில் நான் ஏழு தும்மல் போட்டேன். அங்கேயும் ஏழு!

ரிப்போர்ட் 460. எழுதியவர்கள் ஈஸ்ட்மன் ஜேக்கப்ஸ், கென்னத் வார்ட், ராபர்ட் பிங்கர்டன். வர்ஜீனியாவில் லாங்லி சோதனைச்சாலை. இருபது அட்மாஸ்ஃபியர் வரை காற்றை அமுக்கி அடைக்கிற இரும்புத் தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுரங்கம். அதில் 5 அங்குல அகலம், 30 அங்குல நீளத்தில் உலோக இறக்கைகளை வைத்து, ஒன்றுக்கொன்று சொந்தமான 78 வடிவங்களைச் சோதித்திருக்கிறார்கள். 4412 என்பது என்ன என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் 4, வளைவின் உயரம் அகலத்தில் நாலு சதவீதம். அடுத்த 4, அந்த உச்சம் முன்முனையிலிருந்து நாற்பது சதவீதத்தில். 12, தடிமன் பன்னிரண்டு சதவீதம். பெயரிலேயே ஜாதகம்!

பக்கத்தைப் புரட்டினோம். வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் அந்தப் பட்டியல். நெஞ்சு அடித்துக்கொண்டது. 25... 9.41. 30...

"9.76" என்றார் அம்மா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

மேஸ்திரியின் கை சரி. என் ஜெராக்ஸ் தப்பு. வித்தியாசம் 0.60. இருநூறு மில்லிமீட்டரில் 1.2 மில்லிமீட்டர். அவர் சொன்ன அதே காசு கனம்.

சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. 9.16 என்றே இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு நிமிஷம் அப்படி ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மா அதோடு விடவில்லை. "அச்சுப்பிழையா இருந்தா? இதே ரிப்போர்ட்ல ஃபார்முலா இருக்கு, போட்டுப் பாருங்க" என்றார். கேஸியோ கால்குலேட்டரைத் தட்டினேன். 30-வது பாகத்தில் பாதித் தடிமன் 6.00. வளைவின் உயரம் 3.75. கூட்டினால் 9.75. தடிமனை வளைவுக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும் என்பதால் அந்தக் கடைசி 0.01-ம் சரியாகப் போயிற்று. கணக்கும் அச்சும் கைகுலுக்கின. மூலப்பத்திரத்துக்கு வில்லங்கச் சான்றிதழும் கிடைத்துவிட்டது.

இனி ஜெராக்ஸ்தானே? எடுத்தோம். தடித்த வால்யூமை மெஷினில் கவிழ்த்து அழுத்தியதில், வந்த காப்பியைப் பார்த்தால்... அந்த ஏழு மறுபடியும் ஒன்று மாதிரியே இருந்தது! சத்தியமாகச் சொல்கிறேன். அன்றைக்குத்தான் புரிந்தது, என் பரம்பரை ஜெராக்ஸில் அந்தக் கோடு எந்தத் தலைமுறையில் காணாமல் போயிருக்கும் என்று.

அந்த அம்மா பேனாவை எடுத்து ஓரத்தில் தெளிவாக 9.76 என்று எழுதி, 'மூலத்துடன் ஒப்பிடப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டு, லைப்ரரியின் வட்ட முத்திரையை ஓங்கிக் குத்தினார். "நான் கெஜட்டட் ஆபீசர் இல்லே. ஆனா இதுக்கு நான் போதும்."

* * *

இன்றைக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. என்.ஏ.சி.ஏ. 1958-ல் நாஸாவில் கலந்தது. தன் ரிப்போர்ட்களை நாஸா 1994 முதல் கம்ப்யூட்டர் வழியாக உலகத்துக்கே திறந்துவிட்டது. போன மாசம் அக்கா பையனிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் முதல் லைப்ரரி மாடிப்படி ஏறுவதற்குள் அவன் செல்போனில் 460-ஐ இறக்கிவிட்டான். "இதுக்கா மாமா நாலு நாள் லீவ் போட்டீங்க?" என்றான். படத்தைப் பெரிதாக்கி அந்த இடத்தைப் பார்க்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கினான். "மாமா, இது ஏழா, ஒண்ணா?"

"ஃபார்முலாவுல போட்டுப் பாரு" என்றேன். இதைச் சொல்வதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறேன்!

கதைக்கு வருகிறேன்.

மானேஜர் தாளை வாங்கினார். அமெரிக்க வரைபடத்தை மேலோட்டமாகப் பார்த்தார். வட்ட முத்திரையை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. அமெரிக்காக்காரனை நம்புவதைவிட ரப்பர் ஸ்டாம்ப்பை நம்புவது நம் ரத்தத்தில் ஊறியது.

"அப்ப ஜெராக்ஸ் மிஸ்டேக். நீ என்ன பண்ணுவே பாவம். மில்லுக்கு லெட்டர் எழுதிடலாம், கிளரிக்கல் எரர்னு. மேஸ்திரி பில்லை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

கதவு திறந்திருந்தது. 'தாங்க்யூ சார்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். எழுநூறு ரூபாய், அம்மாவின் சீட்டு, எல்லாம் பத்திரம். வாசல்வரை வந்துவிட்டேன். டிராயிங்கில் மேஸ்திரி பென்சிலால் போட்ட அந்தச் சின்ன வட்டம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் அதை மானேஜருக்குக் காட்டியபோது, 'இது வேலை தொடங்கறப்பவே போட்ட வட்டம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

திரும்பிப் போனேன்.

"சார், ஜெராக்ஸ் மிஸ்டேக் மட்டும் இல்லே. பேட்டர்ன் செய்யறப்பவே மேஸ்திரி பள்ளம் இருக்குன்னு சொன்னார். கையை வச்சுப் பார்க்கச் சொன்னார். நான்தான் வாயை மூடிக்கிட்டு டிராயிங்படி செய்யுங்கன்னு சொன்னேன்."

மானேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தானாக வந்து மாட்டிக்கொள்கிறவனை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. ரொம்ப நேரம் பேப்பர் வெயிட்டை உருட்டினார்.

தீர்ப்பு: என் புரொபேஷன் இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கப்படுகிறது. மேஸ்திரியின் பில் அன்றைக்கே பாஸ்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "அந்த மனுஷனுக்குக் காசு குடுத்துட்டாங்கள்ல?" என்று மட்டும் கேட்டாள். சீட்டுப் பணத்துக்கு எப்படியோ சமாளித்தாள்.

* * *

இறக்கைகளைத் திரும்ப வார்க்க வேண்டும். பேட்டர்னைப் புதிதாகச் செய்ய நாலு நாள் ஆகுமே என்ற கவலையோடு மேஸ்திரியின் பட்டறைக்குப் போனேன். அவர் பழைய பேட்டர்னையே மடியில் வைத்துக்கொண்டு, சின்னத் தகட்டால் எதையோ குழைத்துக்கொண்டிருந்தார். மரத்தூளும் கோந்தும் கலந்த பசை.

என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இது என்ன மேஸ்திரி?" என்றேன்.

"மக்கு" என்றார், தலை நிமிராமல்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒத்துக்கறேன் மேஸ்திரி. மானேஜர்கிட்டயும் சொல்லிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தார். ஒரு விநாடி புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார் பாருங்கள்... காதிலிருந்த பென்சில் கீழே விழுந்துவிட்டது. "ஐயோ தம்பி, உங்களைச் சொல்லலே! இதும் பேரே மக்குதான். பள்ளத்தை அடைக்கறது."

தடவி, காயவைத்து, மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டெம்ப்ளேட் வைத்துச் சரிபார்த்த பிறகு கூப்பிட்டு அனுப்பினார். என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.

"இப்ப சொல்லுங்க."

பள்ளம் இல்லை. மீன் முதுகு மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"9.76, மேஸ்திரி" என்றேன்.

"அது என்னவோ தம்பி. சரியா இருக்கு" என்றார்.

மில்லில் விசிறிகள் ஓடின. காற்று வந்தது.